ஒரு சேர்வருக்குள் எத்தனை குடித்தனம்?

கிராமத்துச் சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் பலவற்றின் கணக்குகள் இன்று கொழும்பிலுள்ள ஓர் அலுவலகக் கணனியிலேயே சேமிக்கப்படுகின்றன. முன்பு கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என வெவ்வேறு சேர்வர்கள் வாங்கினோம். இப்பொழுது வலுவான ஒரு சேர்வரை மென்பொருளால் பிரித்து, அதனுள் பல 'மெய்நிகர் கணனி'களை இயக்குகிறோம். மின்கட்டணம் குறைகிறது. ஆனால் ஒரு சேர்வர், ஒரு விண்டோஸ் வாங்கிவிட்டால் எத்தனையாகப் பிரித்தாலும் கேள்வியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

வெள்ளவத்தையில் ஒரே வீட்டை மேல்மாடி, கீழ்மாடி, பின்புற அனெக்ஸ் எனப் பிரித்து மூன்று குடும்பங்களுக்கு விடுவதைக் கண்டிருப்பீர்கள். கூரை ஒன்று, வாடகை ஒப்பந்தம் மூன்று. மெய்நிகர் கணனியும் அப்படித்தான். உள்ளே குடியிருக்கும் ஒவ்வொரு விண்டோசுக்கும் அனுமதி வேண்டும்.

கணக்கிடும் முறைதான் சற்று விசித்திரமானது. விண்டோஸ் சேர்வரின் 2016 பதிப்பு முதல் மைக்ரோசொப்ட் நிறுவனம் புரோசசருக்குள் இருக்கும் 'கோர்'களை எண்ணுகிறது. ஒரு புரோசசருக்கு ஆகக் குறைந்தது 8, ஒரு சேர்வருக்கு ஆகக் குறைந்தது 16. கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகம் 20 கோர் உள்ள சேர்வரை வைத்திருப்பதாகக் கொள்வோம். 20 கோருக்கும் 'ஸ்டாண்டர்ட்' உரிமம் வாங்கினால் உள்ளே இரண்டு விண்டோஸ் குடியிருக்கலாம். மூன்றாவது வேண்டுமானால் மறுபடியும் 20 கோருக்கும் பணம் கட்ட வேண்டும். அதே பணத்தில் நான்காவதும் வரலாம். ஆகவே மூன்றோடு நிறுத்துவது வீண்செலவு. 'டேட்டாசென்டர்' உரிமத்துக்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஆனால் விலை ஏறத்தாழ ஆறு மடங்கு. பத்து விண்டோஸ் வரை ஸ்டாண்டர்டே மலிவு. எமது அலுவலகங்களில் பத்தைத் தாண்டுபவை அரிது. விற்பனையாளர் டேட்டாசென்டரைச் சிபாரிசு செய்தால் காரணம் கேளுங்கள்.

இதற்கு மேலாக, சேர்வரோடு இணையும் ஊழியர்களுக்கு அல்லது அவர்களின் கணனிகளுக்குத் தனி அனுமதி உண்டு. விலைப்பட்டியலில் அடிக்கடி விடுபடுவது இதுதான். டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. மேற்சொன்ன இரண்டு இடங்களிலும் அவை எண்ணப்படுவதில்லை. கோப்புகளையும் இணையத்தளத்தையும் லினக்சுக்கு மாற்றி, கணக்கு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ் வைத்தால் பல அலுவலகங்களுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் போதும்.

களவுப் பிரதி போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. வேண்டுமென்றே மீறுவது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் பணமில்லாமை எவ்வளவு பெரிய காரணம் என்பதை 2022இல் எல்லோரும் கண்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. உரிமங்களின் விலையோ டொலரில்.

அரசாங்கமும் இதற்கு விலக்கல்ல. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கப்பம் கோரும் மென்பொருளொன்று அரசாங்கத்தின் முகில் கணனித் தொகுதியைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. அங்கே இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனம் அவ்வருட ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. 2021 முதல் புதிய பதிப்புக்கு மாற எண்ணியும் நிதிப் பற்றாக்குறையால் தாமதமாயிற்று என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. எக்ஸ்சேஞ்ச் என்பது விண்டோசின் மேல் ஓடும் மென்பொருள்தான். ஆனால் பதிப்பு பழையதாகி, மாற்றப் பணமில்லாமல் நின்றுவிடுவது உள்ளே குடியிருக்கும் விண்டோசுக்கும் நேரும். விண்டோஸ் சேர்வர் 2012க்கான வழமையான ஆதரவு 2023 ஒக்டோபரில் முடிந்தது. சங்கத்தின் பதினைந்து வருடக் கடன் பதிவேடு அதன் மேல் இருக்குமானால், அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்கொரு தொகை ஒதுக்க வேண்டும்.

வீட்டைப் பிரிக்கும் மென்பொருளுக்கும் விலை உண்டு. விஎம்வெயர் நிறுவனத்தை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கியது. ஒரு தடவை பணம் கட்டி வைத்திருக்கும் உரிமம் அடுத்த மாதமே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு, சந்தா முறை வந்தது. இலவசமாகக் கிடைக்கும் பிரொக்ஸ்மொக்ஸ் சிறிய அலுவலகத்துக்குத் தாராளம். பழைய சேர்வரோடு சேர்த்து விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தச் சேர்வருக்கு மட்டுமே உரியது. ஆகவே புதிய சேர்வருக்கு விலை கேட்கும்போது உரிமத்தையும் ஊழியர் அனுமதியையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டைக் கணக்குப் பேரேட்டோடு கோவைப்படுத்தி வையுங்கள்.