30 சதவீதக் கண்

"எவ்வளவு போட்டாங்க?"

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமில், மருத்துவர் அறையை விட்டு வெளியே வருகிறவரிடம் வரிசையில் நிற்பவர்கள் கேட்பது இதைத்தான். 40 என்றால் முகம் மலர்கிறது. 38 என்றால், கூட வந்த தாய் எக்ஸ்ரே உறையை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோஃபீலியா, பார்க்கின்சன் நோய், அமில வீச்சால் ஏற்படும் பாதிப்பு எல்லாம் உள்ளே வந்தன. பெரிய மாற்றம்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். மத்திய அரசின் மாத உதவித்தொகைக்கோ 80 சதவீதம் வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். 2012-லிருந்து அதே 300.

வெல்டிங் பட்டறையில் இரும்புத் துகள் பாய்ந்து ஒரு கண்ணை முழுதாக இழந்தவரை எடுத்துக்கொள்வோம். மறு கண் நன்றாக இருந்தால் அவருக்குக் கிடைப்பது 30 சதவீதம். தூரம் பிடிபடாமல் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார். படி இறங்கும்போது காலால் துழாவுகிறார். பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்த 30-க்குள் இதெல்லாம் வராது. ஒரு காது மட்டும் அறவே கேட்காதவர் நிலைமை இன்னும் மோசம். சட்டத்தின் விளக்கமே "இரு காதுகளிலும்" என்றுதான் சொல்கிறது.

இரண்டு குறைபாடு இருந்தால் கூட்டிக்கொள்வார்களா? அதுவும் இல்லை. தனிச் சூத்திரம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு 30, கைக்கு 12 என்று வைத்தால் கிடைப்பது 42 அல்ல, 38. கோட்டுக்கு இரண்டு புள்ளி கீழே. கைக்கு வருவது வெள்ளைப் பட்டை போட்ட அடையாள அட்டை. மஞ்சள் 40-லிருந்து, நீலம் 80-லிருந்து.

எல்லைக்கோடு இல்லாவிட்டால் போலிச் சான்றிதழ்கள் பெருகும் என்கிறார்கள் அதிகாரிகள். அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் உடம்பை அளப்பதும் ஒருவரால் எதைச் செய்ய முடிகிறது என்று பார்ப்பதும் ஒன்றல்ல. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் காட்டி ஒரு மாணவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பாருங்கள் என்றது. உதவித்தொகைக்கு வரும்போது மட்டும் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அங்கேயும் அதே எழுத்துப் பலகை, அதே சூத்திரம். வெல்டருக்கு மறுபடியும் 30தான் வரும்.