நீர்வழிகளை அடைக்கும் மிதவைப் பெரணி

பாலவாக்கத்திற்குக் கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் மழைநீர், ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயை அடைந்து, தெற்கே கோவளத்தருகில் கடலிற் கலக்கின்றது. இவ்வூர் 2011ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டுவிட்ட போதிலும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஜலம் வடியவேண்டிய வழி பழைய வழியேயாகும். அதனை அடைக்கும் எப்பொருளும் இப்பக்கத்துக் குடிகளுக்குக் கேடு விளைப்பதே.

சென்னையைச் சூழ்ந்த நீர்நிலைகளில் நாம் பெரும்பாலும் காண்பது வெங்காயத் தாமரை. அதனினும் சிறியதாய், அதற்கு நிகரான தீங்கு செய்யவல்ல மற்றொரு செடி உண்டு. அது சால்வீனியா என்னும் மிதவைப் பெரணி. மலையாள நாட்டார் இதனை ஆப்பிரிக்கன் பாயல் என்பர். ஆயினும் இதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா அன்று. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசமேயாம்.

இதனை அறிவது எவ்வாறு?

ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு நீரின்மேல் மிதக்கும். மூன்றாவது நார்நாராகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். வேர்போல் தோன்றுவது இவ்விலையே. உண்மையில் இச்செடிக்கு வேர் இல்லை. மேலிலைகளில் நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருப்பதால் நீர் ஒட்டாது.

வயல்களிலும் தொட்டிகளிலும் வளர்க்கப்படும் அசோலாவும் மிதக்கும் பெரணியே. ஆனால் அது காற்றிலுள்ள நைட்ரஜன் சத்தை நெற்பயிருக்குச் சேர்ப்பது, பிரயோஜனமுள்ளது. அதன் இலைகள் செதில்போல் மிகச் சிறியன. அதற்கு மெல்லிய வேர்களும் உண்டு. ஆகவே, அசோலா வாங்கும்போது சால்வீனியா கலந்துள்ளதா என்று பார்த்து வாங்குதல் அவசியம்.

பரவும் விதம்

இப்பெரணியின் வித்துத்தூள் முளைப்பதில்லை. ஒடிந்த துண்டே புதுச் செடியாகின்றது. மொட்டுள்ள ஒரு கணு போதும். தக்க வெப்பமும் உரச்சத்தும் இருப்பின் சில தினங்களிலேயே இருமடங்காகும். முதலில் இலைகள் தட்டையாகக் கிடக்கும். நெருக்கம் மிகுந்தபின் மடிந்து நிமிர்ந்து, ஒன்றன்மேலொன்றாய் ஏறித் தடித்த பாய்போலாகும். சாக்கடை நீர் கலக்கும் இடங்களில் வளர்ச்சி மிகுதி. உப்பு நீர் இதற்கு ஆகாது. குட்டநாட்டில் கடல்நீர் புகாதவாறு தண்ணீர்முக்கத்தில் 1970களில் கட்டப்பட்ட தடுப்பணைக்குப் பின், நீர்க்களைகள் பெருகியதற்கு ஒரு காரணம் இதுவே.

விளையும் தீமைகள்

இலங்கையில், கொழும்பு நகரில் 1939இல் தாவர ஆராய்ச்சிக்கெனக் கொணரப்பட்ட இச்செடி, பதினைந்து வருஷங்களுக்குள் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களில் பரவிற்று. நியூகினித் தீவின் சேப்பிக் நதியில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிற்று. ஓடங்கள் செல்லாமையால் அங்குள்ளோர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகவியலாது தவித்தனர்.

பாய் மூடிய நீரில் வெயிலும் காற்றும் புகா; மீன்கள் மடியும்; நீரோட்டம் தடைப்படும். யானைக்கால் நோயைப் பரப்பும் மன்சோனியா என்னும் கொசுவின் புழுக்கள், நீர்ச்செடிகளின் அடிப்பாகத்தைப் பற்றிக்கொண்டே மூச்சு விடுகின்றன.

பரிகாரம்

பிரேசில் தேசத்து வண்டு ஒன்று இப்பெரணியை மட்டுமே தின்று வாழ்வது. இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ளது. வளர்ந்த வண்டு மொட்டுகளைத் தின்னும்; அதன் புழு தண்டைத் துளைக்கும். இவ்வண்டு 1982இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, ஆராய்ந்தபின், அங்குள்ள ஓர் அல்லிக் குளத்தில் விடப்பட்டது. ஓராண்டுக்குள் குளம் சுத்தமாயிற்று. பின்னர் குட்டநாட்டிலும் சேப்பிக் நதியிலும் இதனால் பெரும்பலன் கிடைத்தது. ஆயினும் இது வெங்காயத் தாமரையைத் தீண்டாது. இதனை விடுவதும் விவசாய இலாகாவினர் யோசனையின்படியே நடைபெறவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கேரளத்துச் சேர்த்தலையில் 1986 முதல், புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் ஊராரைக் கூட்டிக் குளங்களிலுள்ள களைகளை நீக்குவித்து, அக்குளங்களில் மீன் வளர்க்கச் செய்தனர். கொசுவும் குறைந்தது, மீனால் வருமானமும் உண்டாயிற்று. களை எடுப்பதன் செலவுக்கு ஈடாக வரவு இருந்தமையால் அவ்வேலை ஊராரால் விரும்பிச் செய்யப்பட்டது.

ஒருவர் தம் குளத்தைச் சுத்தம் செய்து, அடுத்தவர் வாளாவிருப்பாராயின், முதல் மழையிலேயே செடி திரும்பிவரும். ஆதலால் இஃது தனி ஒருவரால் ஆகாத காரியம், சங்கமாகவே செய்யத்தக்கது. அங்கத்தினர் கவனிக்கவேண்டியவை:

1. கோடையில் நீர் குறைந்திருக்கும்போது, மழைக்கு முன்பே, குளங்களையும் வாய்க்கால்களையும் சுற்றிப் பார்த்தல்.

2. சிறு திட்டாக இருக்கும்போதே வலையால் முழுவதும் வாரி எடுத்தல். நீரோடும் திசையில் கயிற்று மிதவை கட்டித் துண்டுகள் தப்பாமல் தடுத்தல்.

3. எடுத்ததைக் கரையோரம் விடாமல், வெள்ளம் எட்டாத மேட்டில் குழியிட்டு மக்கவைத்து எருவாக்குதல்.

4. வலை, ஓடம், கூடை முதலியவற்றை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகுமுன் நன்கு அலசி உலர்த்துதல்.

5. தொட்டியில் அழகுக்காக வளர்த்த நீர்ச்செடிகளைக் கால்வாயில் எறியாதிருத்தல்.

6. ஒருமுறை எடுத்த இடத்தை வாரந்தோறும் பார்த்து, மீண்டும் தோன்றும் செடிகளை உடனே நீக்குதல்.