பழைய வண்டிக்கு எந்த பிரேக் வால்வு?

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவங்க கிட்டேயிருந்து அதிகமா வர்ற கேள்வி இது: "முன்னாடி டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போட்டுட்டேன். இப்போ வால்வு எதுவும் வேணுமா? வேணும்னா எது?" இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசலாம். உதாரணத்துக்கு மோரிஸ் மைனரை எடுத்துக்கிறேன். இலங்கை ரோட்டுல இன்னைக்கும் ஓடுற வண்டி, நம்ம ஊர்லயும் ஆசையா வெச்சிருக்கிறவங்க இருக்காங்க.

முதல்ல காரணம். பிரேக் அடிச்சா வண்டியோட எடை முன்னாடி சாயுது. கணக்குக்கு 800 கிலோ வண்டின்னு வெச்சுக்குவோம். முன் சக்கரங்கள் மேல 440, பின் சக்கரங்கள் மேல 360 கிலோ. எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம். மைனரோட வீல்பேஸ் 86 இன்ச், அதாவது சுமார் 2.18 மீட்டர். நல்லா அழுத்தி 0.7 ஜி வேகக் குறைப்புல நிறுத்தினா சுமார் 140 கிலோ பின்னாடியிருந்து முன்னாடி மாறிடும். பின் சக்கரங்கள் மேல மிச்சம் 220 கிலோதான். எடை குறைஞ்ச டயருக்குப் பிடிப்பும் குறையும். அந்த நேரத்துல பின் பிரேக்குக்கு அதே பிரஷர் போனா, பின் சக்கரம் முதல்ல லாக் ஆகும்.

முன் சக்கரம் லாக் ஆனா ஸ்டியரிங் கேட்காது, ஆனா வண்டி நேராப் போகும். பெடலை விட்டா திரும்ப நம்ம கைக்கு வரும். பின் சக்கரம் முதல்ல லாக் ஆனா வண்டியோட பின்பக்கம் முன்னாடி வரப் பார்க்கும். சுழல ஆரம்பிச்சிட்டா பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால முன் சக்கரம்தான் முதல்ல லாக் ஆகணும். இது பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத விதி.

அப்போ கம்பெனியில வந்தப்போ மைனருக்கு இந்தப் பிரச்சினை இல்லையா? நாலு சக்கரத்துலயும் டிரம். முன்னாடி ரெண்டு ஷூவுமே லீடிங் ஷூ. டிரம் சுத்தும்போது ஷூவை அதுவே இழுத்து அழுத்திக்கும். கால் அழுத்தம் கொஞ்சமா இருந்தாலும் முன்னாடி நல்லாப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. அதே அளவு நிறுத்த, லைன்ல அதிக பிரஷர் வேணும். நீங்க பெடலை இன்னும் அழுத்துறீங்க. அந்தக் கூடுதல் பிரஷர் பின் டிரம்முக்கும் போகுது. டிஸ்க் மாத்தின பிறகு பின்பக்கம் சீக்கிரம் லாக் ஆகிறதுக்கு இதுதான் காரணம்.

இதுக்கான மருந்து புரொபோர்ஷனிங் வால்வு. ஒரு குறிப்பிட்ட பிரஷர் வரைக்கும் முன்னும் பின்னும் சமமா விடும். அதுக்கு மேல ஏறுற பிரஷர்ல ஒரு பங்கை மட்டும் பின்னாடி அனுப்பும். கைத்திருகு வெச்ச, சரிசெய்யக்கூடிய வகைதான் ரெஸ்டோரேஷனுக்கு வசதி. ஏன்னா உங்க டயர், உங்க காலிப்பர், உங்க லைனிங் எல்லாம் சேர்ந்த கலவைக்கு எந்தக் கம்பெனியும் கணக்குப் போட்டு வெச்சிருக்காது. பழைய மினியில இருக்கிற வால்வும் இதே வேலைக்குத்தான். ஆனா அது மினியோட எடைக்கு அமைச்சது. கிடைச்சுதுன்னு எடுத்து வேற வண்டியில மாட்டாதீங்க.

எங்கே மாட்டுறது? மைனர்ல ஒரே சர்க்யூட். முன்னாடி பைப் பிரியற இடத்துக்கு அப்புறம், பின்னாடி மட்டும் போற லைன்ல வரணும். அதுக்கு முன்னாடி மாட்டினா முன் பிரேக்கையும் சேர்த்துக் குறைச்சிடுவீங்க. ஏற்கெனவே ஒரு புரொபோர்ஷனிங் வால்வு இருக்கிற லைன்ல இன்னொண்ணைச் சேர்க்கவும் கூடாது.

ரெண்டாவது, ரெசிடுவல் வால்வு. பெடலை விட்ட பிறகும் லைன்ல கொஞ்சம் பிரஷரை நிறுத்தி வைக்கிறது இது. டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ., டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ. டிஸ்க்குக்கு எல்லா வண்டியிலும் தேவைப்படாது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை விடத் தாழ்வா இருந்தா மட்டும்தான் வேணும். இல்லேன்னா ஆயில் கீழே இறங்கி, பெடல் முதல் மிதியில ஆழமாப் போகும். மைனர்ல மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில, தரைக்குக் கீழே இருக்கு. அதனால உயரத்தை அளந்து பாருங்க.

இங்கதான் கவனம் வேணும். மைனரோட பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே டிரம்முக்கான செக் வால்வு ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அதை எடுக்காம டிஸ்க் போட்டா பேடு டிஸ்க்கை விட்டு விலகாது. எங்க ஷெட்டுக்கு வந்த ஒரு வண்டி, ரெண்டு கிலோமீட்டர் ஓடினதுமே முன் சக்கரம் தொட முடியாத சூடு. காலிப்பர் பழுதுன்னு நினைச்சு அதையே ரெண்டு தடவை மாத்தியிருந்தாங்க. உள்ளே இருந்த வால்வை எடுத்துட்டு, பின் லைனுக்கு மட்டும் தனியா 10 பி.எஸ்.ஐ. போட்டதும் சரியாப் போச்சு.

மூணாவது, மீட்டரிங் வால்வு. பின் டிரம்மோட ஷூ ஸ்பிரிங்கைத் தாண்டி டிரம்மைத் தொடற வரைக்கும் முன் டிஸ்க்கைக் கொஞ்சம் காத்திருக்க வைக்கும். பெரிய அமெரிக்கக் கார்கள்ல சகஜம். மைனர் மாதிரி சின்ன வண்டிக்கு நான் போடறதில்லை. உங்க வண்டியில இருந்தா, ஏர் எடுக்கும்போது அதோட பின்னை அதுக்குரிய நிலையில பிடிச்சு வைக்கணும். இல்லேன்னா முன்பக்கம் ஆயில் வராது.

கடைசியா செட்டிங். முதல்ல ஷூ அட்ஜஸ்ட்மென்ட், டயர் காத்து, லைனிங்ல ஆயில் கசிவு எல்லாம் பார்த்து முடிங்க. வால்வால அதையெல்லாம் சரிபண்ண முடியாது. பிறகு பின் பிரஷரைக் குறைஞ்ச அளவுல வெச்சு, ஆளில்லாத அகலமான இடத்துல, குறைஞ்ச வேகத்துல ஆரம்பிங்க. வெளியே ஒருத்தர் நின்னு எந்தச் சக்கரம் முதல்ல நிக்குதுன்னு பார்க்கணும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, பின் சக்கரம் லாக் ஆகப் போற நிலை வந்ததும் கொஞ்சம் குறைச்சு நிறுத்திக்கோங்க. இதைக் காய்ந்த ரோட்டுல செய்யுங்க. ஈர ரோட்டுல வண்டி மெதுவாத்தான் நிக்கும், எடையும் அவ்வளவு முன்னாடி சாயாது. அங்க சரியாத் தெரியற செட்டிங் காய்ந்த ரோட்டுல ஆபத்தாகலாம். பின் சீட்டும் காலியா இருக்கணும். குடும்பத்தோட போகும்போது பின்னாடி எடை கூடும், அது பாதுகாப்பான பக்கம்.

இவ்வளவு செலவு பண்றவங்களுக்கு ஒரு யோசனை. முதல்ல ரெண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்க. ஒரு பைப் வெடிச்சா மொத்த பிரேக்கும் போற வண்டிக்கு, எவ்வளவு நல்ல வால்வு போட்டும் பிரயோஜனமில்லை. கேள்வி இருந்தா வண்டியோட மாடல், வருஷம், முன் பின் பிரேக் வகை மூணையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பைப்பும் ஆயிலும் பார்ப்போம்.