கமலாம்பாள் சரித்திரம்

கமலாம்பாள் சரித்திரம் என்பது பி. ஆர். ராஜம் ஐயர் எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். இது 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. இதன் முழுத் தலைப்பு "ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்" என்பதாகும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்திற்கு (1879) அடுத்து, தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் முதன்மையானதாக இது கருதப்படுகிறது.

ஆசிரியர்

ராஜம் ஐயர் 1872இல் வத்தலக்குண்டில் பிறந்தார். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள இவ்வூர் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் எழுத்தாளர் பி. எஸ். ராமையாவும் இவ்வூரில் பிறந்தவர்களே.

மதுரையிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற ராஜம் ஐயர், கம்பராமாயணத்திலும் ஆங்கில இலக்கியத்திலும் ஒருசேர ஈடுபாடு கொண்டிருந்தார். இப்புதினத்தை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 21. 1896இல் தொடங்கப்பட்ட பிரபுத்த பாரதா என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியரான அவர், 1898இல் தமது 26ஆம் அகவையில் காலமானார். இதுவே அவர் தமிழில் எழுதிய ஒரே புதினம் ஆகும்.

தோன்றிய சூழல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரை செல்லும் இருப்புப்பாதை 1875இல் திறக்கப்பட்டது. சிற்றூர் இளைஞர்கள் மதுரைக்கும் சென்னைக்கும் சென்று கல்லூரியில் பயில்வது இதனால் எளிதாயிற்று. ஆங்கிலக் கல்வி பெற்ற இத்தலைமுறையினர் உரைநடைக் கதைகளைப் படித்துப் பழகியிருந்தனர். அத்தகைய கதைகளைத் தமிழிலும் விரும்பினர். 1892இல் சி. வி. சுவாமிநாத ஐயர் தொடங்கிய விவேக சிந்தாமணி அதற்கு இடமளித்தது. ஊரை விட்டுச் சென்ற ஒருவர், அவ்வூரின் பேச்சையும் பழக்கங்களையும் நினைவிலிருந்து எழுதிய நூலாக இப்புதினத்தைக் காணலாம்.

கதை

மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் சிற்றூரில் கதை தொடங்குகிறது. முத்துசுவாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் செல்வத்தோடு வாழ்கின்றனர். அவர்கள் மகள் இலட்சுமிக்கும் சீனிவாசனுக்கும் இளம் வயதிலேயே திருமணம் நடைபெறுகிறது. பின்னர் குடும்பத்தில் பிளவு ஏற்படுகிறது, மகன் நடராஜன் காணாமற்போகிறான், செல்வம் அழிகிறது. கமலாம்பாளைப் பற்றிப் பரவிய அவதூற்றை நம்பி முத்துசுவாமி ஐயர் வீட்டைத் துறக்கிறார். சச்சிதானந்த சுவாமிகளின் வழிகாட்டலால் அவர் மனம் தெளிகிறது. பிரிந்தவர்கள் இறுதியில் ஒன்றுசேர்கின்றனர்.

அச்சமும் அவதூறும்

ஐரோப்பாவில் கோதிக் புதினம் என்னும் திகில் கதை மரபு, ஒராசு வால்போல் 1764இல் வெளியிட்ட ஒட்ராண்டோ கோட்டை என்னும் கதையிலிருந்து தொடங்குகிறது. பிராம் சுடோக்கரின் டிராகுலா 1897இல், அதாவது கமலாம்பாள் சரித்திரம் நூலாக வந்த மறு ஆண்டில், வெளியாயிற்று. பாழடைந்த கோட்டை, இருள், பேய், துன்புறுத்தப்படும் பெண் ஆகியவை அம்மரபின் கூறுகள்.

கமலாம்பாள் சரித்திரம் அவ்வகையைச் சார்ந்ததன்று. எனினும் பேயாண்டித் தேவன் என்னும் கள்வன், தொலைந்த குழந்தை, குற்றமற்ற பெண்ணின் துயர் ஆகியவை இதிலும் உண்டு. இங்குப் பேய்க்குப் பதிலாக ஊர்ப்பேச்சே அச்சத்தை விளைவிக்கிறது. பெண்கள் கூடிப் புறம்பேசும் "வம்பர் மகாசபை" முதலில் நகைச்சுவையாகவே அறிமுகமாகிறது. ஆயினும் அத்தகைய பேச்சே ஒரு குடும்பத்தைக் குலைக்கும் ஆற்றல் கொண்டது என்பதைக் கதையின் போக்கு காட்டுகிறது. முழுத் தலைப்பில் அவதூறு முதலிடம் பெற்றிருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

ரெயினால்ட்சு போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் மர்மக் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் தமிழில் எழுதியது இதற்குப் பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகும்.

மதிப்பீடு

சல்லிக்கட்டு, திருமணம், திண்ணைப்பேச்சு ஆகியவற்றை நேரில் கண்டாற்போல் விவரிக்கும் முற்பகுதி பெரிதும் பாராட்டப்படுகிறது. அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியர் நகைச்சுவைப் பாத்திரமாகப் புகழ்பெற்றவர். பிற்பகுதி வேதாந்தத்தை நோக்கித் திரும்புவதைச் சில திறனாய்வாளர்கள் குறையாகக் கூறுவர். ஆனால் அமைதியற்ற ஓர் உயிர் துன்பங்களைக் கடந்து இன்பநிலை அடைவதைச் சொல்வதே தம் நோக்கம் என்றும், கதை முதன்மையன்று என்றும் ஆசிரியரே நூலில் தெரிவித்துள்ளார். அவதூற்றால் ஊரில் தொலைந்த அமைதியை ஊருக்கு வெளியே தேடும் பயணமாகப் பிற்பகுதியை வாசிக்கவும் இடமுண்டு.

இப்புதினத்தை இசுடூவர்ட் பிளாக்பர்ன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார்.