புண் ஆறினாலும் செலவு ஆறாது!

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு பஸ் ஏறுற உங்கள்ல சிலரோட அப்பா இன்னும் குழித்தறியிலதான் இருப்பார். நாள் முழுக்க காலால மிதிக்கிற வேலை. சர்க்கரையால பாதம் மரத்துப்போயிருந்தா, சிராய்ப்பு வலிக்காது. கோயில் பிரகாரத்துல வெயில்ல சுட்டாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் கவனிப்பார்.

'ஆறிடுச்சு, செலவு முடிஞ்சது'ன்னு கணக்கை மூடிடாதீங்க. 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரைப்படி, ஆறிய பாதப் புண் ஒரே வருஷத்தில் சுமார் 40% பேருக்குத் திரும்புது. 5 வருஷத்தில் சுமார் 65%. தழும்புக்குப் பழைய தோலோட பலம் முழுசா வராது. மரத்த கால் மரத்ததுதான்.

காசு எவ்வளவு? 2013-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், சிக்கல் எதுவும் இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு 4,493 ரூபாய். பாதச் சிக்கல் வந்தவங்களுக்கு 19,020. அன்றைய விலையில!

பாலிசி எடுக்கும்போது அப்பாவோட சர்க்கரையை மறைக்காதீங்க, க்ளெய்ம் போயிடும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 4 வருஷமா இருந்தது, 2024-ல் 3 ஆகிடுச்சு. கட்டு மாத்துறது, மெத்துனு செருப்பு வாங்குறது எல்லாம் பெரும்பாலும் கைக்காசுதான். எமர்ஜென்சி ஃபண்டில் தனியா ஒதுக்குங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோட உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. விரலிடுக்கையும்.