பெற்றோரின் ஆசனம் வெறுமையாக இருக்கலாமா?

வலப்பனைப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்தோம். வேலை நாள், காலை பத்து மணி. வந்திருந்த பெற்றோர் பதினொரு பேர். அவர்களில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர்கூட இல்லை. "இவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை" என்று ஆசிரியர் ஒருவர் வருந்தினார். மாலையில் லயத்தில் ஒரு தாயிடம் விசாரித்தோம். "கூட்டத்துக்கு வந்தா அன்னைக்குப் பேரு போயிருமே, சாமி" என்றார்.

அக்கறையின்மை என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் ஒரு நாட்சம்பளத்தின் கணக்காகவே இருக்கிறது. ஆயினும் அந்த வெற்று நாற்காலிக்கு நாம் கொடுக்கும் விலை அதைவிடப் பெரியது. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

துரையின் பள்ளியிலிருந்து மாகாணப் பாடசாலை வரை

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாடெங்கும் வந்தபோதும், தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியருமாகவே நின்றது. காணிச் சீர்திருத்தத்தின் மூலம் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதன் பின்னரே பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகள் உருவானபோது, தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த ஏனையவை மாகாணத்தின் பொறுப்பாயின.

இவ்வாறு பாடசாலை துரையின் கையிலிருந்து அரசின் கைக்கும், அங்கிருந்து மாகாணத்தின் கைக்கும் மாறியது. பெற்றோரின் கை எங்கே?

பெற்றோருக்கு உள்ள இடம்

ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் அதன் உறுப்பினர்கள், அதிபர் தலைவர். 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், இதற்கும் அப்பால் பாடசாலை அபிவிருத்திக் குழு என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் ஆசிரியரோடு பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். பாடசாலையின் திட்டம், நிதிச் செலவு, சமூகத்தோடு உள்ள உறவு என்பவை அங்கே பேசப்பட வேண்டும்.

ஆகவே கூரை ஒழுகுவதையும் கணித ஆசிரியர் இல்லாததையும் கேட்பது பெற்றோரின் உரிமை. அதைச் சலுகை கேட்பதாக எவரும் எண்ண வேண்டியதில்லை. கேட்டதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்வதும் அவ்வுரிமையைச் சேர்ந்ததே. வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிய தீர்மானம் வலயக் கல்விப் பணிமனை வரை போகும்.

2018 தரும் பாடம்

மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் பல ஆண்டுகள் நடைபெறவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்தினர். மக்கள் தெரிவு செய்த மாகாண உறுப்பினரிடம் முறையிடும் வழி அடைபட்டது.

அதே 2018இல், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் மக்கள் தெரிவு செய்த ஏழு ஆங்கிலமொழிப் பாடசாலைச் சபைகளைக் கலைத்தது. ஆனால் சிறுபான்மைப் பிரெஞ்சு மொழியினரின் பாடசாலைச் சபை கலைக்கப்படவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பு மொழிச் சிறுபான்மையினருக்குக் கல்வியுரிமை தருகிறது. தம் பாடசாலைகளைத் தாமே நிர்வகிப்பதும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்திருந்தது. அதைக் கேட்டு வழக்காடியவர்கள் பெற்றோரே.

மலையக மக்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆதலால் கையிலுள்ள சிறு இடத்தை விட்டுவிடக் கூடாது. மேலே தெரிவு செய்யப்பட்ட சபை இல்லாத காலத்தில், பிள்ளையின் கல்வியைப் பற்றிப் பேச மக்கள் தெரிவு செய்யும் அமைப்பாக மிஞ்சுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கமே.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, கூட்டத்தின் நேரத்தை மாற்றுவோம். நாம் சொன்ன பாடசாலையில் அடுத்த கூட்டம் ஞாயிறு பிற்பகலில் வைக்கப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்டோர் வந்தனர், பெரும்பாலோர் தாய்மார். கணித ஆசிரியர் உடனே வந்துவிடவில்லை. ஆனால் அன்று எழுதிய தீர்மானத்துக்கு வலயத்திலிருந்து முதன்முறையாக எழுத்தில் பதில் வந்தது.

இரண்டாவதாக, வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தில் எளிய தமிழில் வாசிக்கச் செய்வோம். கணக்குக் கேட்பது அதிபரைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையான அதிபருக்கு அது காவல்.

மூன்றாவதாக, சங்கங்கள் ஒன்றோடொன்று கைகோர்க்கட்டும். இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் ஒரே குறையைப் பல பாடசாலைகள் தனித்தனியே முறையிடுவதைவிட, வலயம் முழுவதற்கும் ஒரே மனுவாகக் கொடுப்பது வலிமையானது. தொழிற்சங்கம் கட்டிய மக்களுக்கு இதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தத் தாய் இரண்டாவது கூட்டத்துக்கு வந்திருந்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்தவர், இறுதியில் எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "எங்க புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க எப்ப ஆள் வரும்?" குறிப்பேட்டில் அது அவ்வாறே பதியப்பட்டது. உங்கள் பாடசாலையின் குறிப்பேட்டில் யாருடைய கேள்வி இருக்கிறது?