ரௌட்டரைப் புதுப்பிக்கும் தொல்லை

மும்பையிலும் டில்லியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருக்கும் தாயின் முகத்தை இரவுதோறும் காட்டித் தருவது கைபேசி என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அம்முகம் வந்து சேரும் வாயில், சுவரோரம் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டியாகும். அது நின்றுபோகும் நாளன்றி நாம் அதனை நினைப்பதில்லை.

அப்பெட்டியும் ஒரு கணிப்பொறியே. அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும். ஃபர்ம்வேர் என்பது அதன் பெயர். மனிதர் எழுதியதாகையால் அதிலும் பிழை உண்டு. பிழை புலப்படும்போது உற்பத்தியாளர் திருத்திய பதிப்பை வெளியிடுவர். அதனை எடுத்துப் பழையதன்மேல் எழுதிவிட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவே.

செய்யப் புகுந்தாலோ, முதலில் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் உள்ள மாதிரியின் பெயரையும் பதிப்பெண்ணையும் படித்தறிய வேண்டும். பெயர் ஒன்றாயிருப்பினும் உள்ளுறுப்புகள் வேறாயிருக்கலாம். லின்க்சிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரௌட்டரை எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் நினைவகம் பாதியாகக் குறைக்கப்பட்டது. லினக்ஸும் நீக்கப்பட்டு வேறு இயக்க முறைமை புகுத்தப்பட்டது. முன்னதற்குரிய ஃபர்ம்வேர் பின்னதற்கு ஆகாது. வெளித்தோற்றத்திலோ இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்!

அடுத்து, உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற எண்ணை இட்டு உள்ளே நுழைய வேண்டும். கடவுச்சொல் கேட்கும், இணைப்புத் தந்துபோன பணியாளர் மூன்றாண்டுகளுக்கு முன் இட்ட சொல் யாருக்கு நினைவிருக்கும்? புதுப்பிக்கும் பக்கம் ஒரு பெட்டியில் ‘நிர்வாகம்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும். மற்றொன்றில் ‘கருவிகள்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். சுருக்கிக் கட்டிய கோப்பைச் சிலவற்றில் விரித்த பிறகே ஏற்ற வேண்டும். சில பெட்டிகள் இடைப்பதிப்பு ஒன்றைக் கடக்காமல் இறுதிப் பதிப்பை ஏற்பதில்லை. வேறு சில, பணி முடிந்ததும் நம் அமைப்புகள் அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதுப்பெட்டி போல் விழிக்கும்.

இவற்றினும் கொடியது மின்வெட்டு. புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் பழைய கட்டளைகள் அழிக்கப்பட்டுப் புதியவை பகுதி பகுதியாக எழுதப்படுகின்றன. இடையே மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையில்லை. அத்தகைய பெட்டியைத் தொழில்நுட்பத்தார் ‘செங்கல்’ என்பர், பொருத்தமான பெயர்தான். தொடக்கத்தில் பெட்டியை எழுப்பும் சிறு நிரல் சேதமின்றி இருப்பின் கம்பிவழி மீட்டெடுக்கும் உபாயம் பல பெட்டிகளில் உண்டு. ஆயினும் அது இல்லத்தார் எளிதில் செய்யக்கூடியதன்று.

இத்தொல்லை தவிர்க்க முடியாததா? அன்று என்பதே என் கருத்து. ஃபர்ம்வேருக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி, ஒன்று இயங்கும்போதே மற்றதில் புதியதை எழுதிச் சரிபார்த்து, பின்னர் மாறிக்கொள்ளும் முறை உள்ளது. தவறினால் பழையது காத்து நிற்கும். இதற்கு முதன்மையாக வேண்டுவது கூடுதல் நினைவகம். விலையைக் குறைக்கும்பொருட்டு அதனை விட்டுவிட்டு, அபாயத்தை வாங்கியவர் தலையில் கட்டுவது முறையாகாது.

அஞ்சி ஒதுங்குவோரை நான் குறைகூறமாட்டேன். ஆனால் விளைவு கடுமையானது. வி.பி.என்.ஃபில்டர் என்னும் தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகளில் புகுந்திருந்தமை 2018 மே மாதத்தில் வெளிப்பட்டது. பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கும்படி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மக்களை வேண்டிக்கொண்டது. அத்தீநிரலின் முதற்பகுதியோ அணைத்தாலும் அழியாமல் தங்கிற்று. அதனை அகற்றப் பெட்டியை ஆதி அமைப்புக்குத் திருப்பி, ஃபர்ம்வேரையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. எப்பணிக்கு மக்கள் அஞ்சினரோ, அதுவே மருந்தாக அமைந்தது.

பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் அளிக்கப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தாக வேண்டும் என்னும் சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்விவரத்தை நாமும் வாங்குமுன் கேட்கலாம்.

இணைய நிறுவனமே தந்த பெட்டியாயின், பெரும்பாலும் அந்நிறுவனமே தொலைவிலிருந்து அதனைப் புதுப்பிக்கும். கடையில் வாங்கியதாயின், தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், இணைப்புக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் தாளில் குறித்து, பெட்டியை இன்வெர்ட்டரில் இணைத்து, கணிப்பொறியை அதனுடன் கம்பியால் பிணைத்து, பகற்பொழுதில் தொடங்குங்கள். ஊருக்குப் பேசும் வேளை நெருங்குகையில் வேண்டாம்.